கப்பல் ரிக்கற்றும் பூட்டிய பெயரும்

1. ஒரு கதிரை, இரண்டு ஆட்கள்

ஒரே கதிரைக்கு, ஒரே இருக்கை இலக்கம் போட்ட ரிக்கற்றோடு இரண்டு பேர் இறங்குதுறையில் வந்து நின்ற காலையில்தான் எங்கள் கந்தோரில் புதிய கொம்பியூட்டர் பற்றிய கதை தொடங்கியது.

யுத்த காலம். வடக்குக்குத் தரைப்பாதை இல்லை. யாழ்ப்பாணம் போக வேண்டியவர்கள் திருகோணமலைக்கு வந்து, பாதுகாப்பு அனுமதி கிடைக்கும்வரை காத்திருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போவார்கள். அந்தக் கப்பலுக்கு ரிக்கற் கொடுத்த தனியார் முகவரின் அலுவலகம், எங்கள் கந்தோர், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்தது. நான் அங்கே பதிவுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன்.

எங்களிடம் ஒரு கொம்பியூட்டர்தான். முதலாம் கவுண்டரில் ஜெயந்தி அதில் பதிவாள். இரண்டாம் கவுண்டரில் சிவா கையால் ரிக்கற் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு ஜெயந்தியிடம் சொல்லி ஏற்றுவிப்பான். அந்த இடைவெளிக்குள் அவன் எழுதிக் கொடுத்த கதிரையை அவளும் விற்றுவிட்டாள். ஒருவர் வைத்தியசாலையில் இருந்து திரும்பும் கர்ப்பிணி. மற்றவர் பரீட்சை எழுதப் போகும் மாணவி. இருவரில் ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மாணவி அழுதுகொண்டு போனாள்.

எங்கள் மனேச்சர் சபாரத்தினம் அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். "மிஸ், இரண்டு கவுண்டரும் ஒரே நேரத்தில ஒரே பதிவைப் பார்க்க வேணும். அதுக்கு என்ன சாமான் வேணுமோ நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ. எனக்கு இதில ஒரு மண்ணும் விளங்காது."

எனக்கும் விளங்காது. அதை அவரிடம் சொன்னேன். "ஆனா என்னைவிட உங்களுக்குக் கொஞ்சம் விளங்கும்தானே," என்றார். அப்படித்தான் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

2. இரண்டு விற்பனையாளர்கள்

கொழும்பில் இருந்து இரண்டு கம்பனிக்காரர் வந்தார்கள். முதலில் வந்தவர் நசீர். கலகலப்பான மனிதர். "மிஸ், லேசான வேல. மூணு பீசி, ஒரு சேர்வர், நடுவுல கேபிள். இப்ப நீங்க பாவிக்கிற அதே டேட்டாபேஸ்ட நெட்வேர்க் வேர்ஷன் போட்டா சரி. புள்ளைகளுக்குப் புதுசா ஒண்டும் படிச்சுக் குடுக்கத் தேவல்ல."

அடுத்த கிழமை ரமணன் வந்தார். கழுத்தில் ரை கட்டிய, குறைவாகப் பேசும் இளைஞர். அவர் சொன்னது முழுக்க வேறு. ஒரே ஒரு பெரிய பெட்டி, அதில் யுனிக்ஸ் என்ற இயங்குதளம், அதற்குள் டேட்டாபேஸ். கவுண்டர்களில் வெறும் டெர்மினல்கள்: திரையும் கீபோட்டும் மட்டும், உள்ளே மூளை இல்லை. "எல்லா யோசனையும் நடுப் பெட்டியிலதான் நடக்கும் மிஸ். பீசி நெட்வேர்க்கில ஒவ்வொரு பீசியும் ஃபைலுக்குள்ள நேர கை வைக்கும். அது ஆபத்து."

இதை நசீரிடம் ரெலிபோனில் கேட்டேன். சிரித்தார். "அந்த ஒத்தப் பொட்டி படுத்தா உங்கட முழு ஒபிஸும் படுக்கும் மிஸ். கொழும்புல இருந்து ஆள் வந்து சேர எத்தின நாளாகும்? ரோட்டு எப்ப மூடுவானுகள் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. ரமணனோடு கதைக்கும்போது ரமணன் சரி. நசீரோடு கதைக்கும்போது நசீர் சரி. ஃபைல் சேர்வர், மல்ரி யூசர், ரெக்கோட் லொக்கிங், ரோல்பேக் என்று இருவரும் கொட்டிய சொற்கள் எல்லாம் தலைக்குள் ஒன்றாகக் கிடந்து உருண்டன. சபாரத்தினம் ஒவ்வொரு நாளும் தேநீர் நேரத்தில் "முடிவெடுத்தாச்சோ?" என்று கேட்பார். "ஓம், நேற்று ஒண்டு எடுத்தனான். இண்டைக்கு மாறிப்போச்சு," என்பேன்.

3. வயரை இழுத்துப் பார்த்தது

கடைசியில், சொற்களை விட்டுவிட்டு எங்கள் கவுண்டரில் உண்மையில் நடக்கிற இரண்டு விஷயங்களை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு பேர் ஒரே கதிரையை ஒரே நேரத்தில் கேட்பார்கள். மற்றது, கரண்ட் போகும். அந்த நாட்களில் திருகோணமலையில் கரண்ட் போவது செய்தியே அல்ல.

நசீர் இரண்டு பீசியைக் கொண்டுவந்து மேசையில் பூட்டிக் காட்டினார். ஜெயந்தியும் சிவாவும் ஒரே கதிரையைத் தட்டினார்கள். ஒருவருக்குத்தான் கிடைத்தது. நல்லது. அடுத்து, ஜெயந்தி பதிந்துகொண்டிருக்கும்போதே அவளுடைய பீசியின் வயரைப் பிடுங்கினேன்.

நசீர் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். "யா அல்லாஹ், என்ன மிஸ் செய்யிறீங்க?"

"கரண்ட் போனாப் பிறகு என்ன நடக்கும் எண்டு பார்க்கிறன்."

திரும்பப் போட்டபோது இன்டெக்ஸ் என்ற பெயர் வரிசை அட்டவணை உடைந்து, பெயர்கள் ஒழுங்கு மாறி வந்தன. சில பெயர்கள் வரவே இல்லை. "ரீஇன்டெக்ஸ் செஞ்சா சரியாகும்," என்றார். சரியாகவும் செய்தார். ஆனால் கவுண்டருக்கு முன்னால் சனம் நிற்கும்போது யார் உட்கார்ந்து அதைச் செய்வது?

ரமணனின் பெட்டியைக் கொண்டுவந்து காட்ட வசதி இல்லாததால், நான் கொழும்புக்குப் போனேன். அங்கேயும் ஒரு கதிரையைப் பதிந்துகொண்டிருக்கும்போதே டெர்மினலின் வயரைப் பிடுங்கினேன். டெர்மினல் செத்தது. பக்கத்து டெர்மினலில் போய்ப் பார்த்தேன். அந்தக் கதிரை விற்காத கதிரையாகவே இருந்தது. "பாதியில நிண்ட பதிவை அது பதிவாவே எடுக்காது மிஸ். பழையபடி விட்டிடும்," என்றார் ரமணன். ரோல்பேக் என்பது இதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ரமணனின் பெட்டியையே எடுத்தோம். நசீர் சொன்ன பயம் என்னை விட்டுப் போகவில்லை. அதற்காக மேலதிக டிஸ்க் ஒன்றும், தினமும் பிரதி எடுக்க ரேப் நாடாவும் கேட்டு வாங்கினேன். ஆனாலும் சரியானதைத்தான் செய்தேனா என்ற குழப்பம் போகவில்லை.

4. பற்றறி

பெட்டி வந்தது, டெர்மினல் வந்தது, யூபிஎஸ் வரவில்லை. அதற்குள் இருப்பது பற்றறி. குண்டு செய்ய உதவும் என்று பற்றறிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். அந்தச் சொல்லைக் கேட்டதும் சோதனைச் சாவடியில் லொறியை ஓரங்கட்டிவிட்டார்கள். சபாரத்தினம் இரண்டு தரம் போய் விளக்கினார். "கரண்ட் போனா கொம்பியூட்டர் சாகாமல் வைச்சிருக்கிற சாமான் எண்டு சொன்னன் மிஸ். கரண்ட் போனா ஏன் கொம்பியூட்டர் வேணும் எண்டு கேக்கிறாங்கள். எனக்கே மறுமொழி தெரியேல்லை." ஒருவழியாக அனுமதி கிடைத்து அதுவும் வந்து சேர்ந்தது.

மழை பெய்தால் கந்தோரின் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வரும். அதனால் பெரிய பெட்டியை மேல்மாடி அறையில் வைத்தோம்.

5. "மேல இருந்து வருது"

முதல் இரண்டு பயணங்கள் நன்றாகப் போயின. ஒரு கதிரைகூட இரண்டு தரம் விற்கவில்லை. சபாரத்தினம் எல்லோருக்கும் சாப்பிட றோல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது பயணத்துக்கு முதல் நாள் கணபதிப்பிள்ளை என்று ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர், வயது அறுபதுக்கு மேல். திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்க வந்து, திரும்ப முடியாமல் மாட்டுப்பட்டிருந்தவர். ஊரில் மனைவி தனியாக இருந்தார். அவருக்கு அனுமதி வந்திருந்தது. அன்று கதிரையை உறுதி செய்தால் மறுநாள் ஏறலாம்.

முதலாம் கவுண்டரில் ஜெயந்தி, அனுமதி வந்தவர்களைச் சரிபார்க்கும்போது, அவருடைய பதிவைத் திறந்து வைத்துவிட்டு, விலாசத்தில் ஏதோ சந்தேகம் கேட்க என்னிடம் வந்தாள். வரிசையில் நின்ற அவரைச் சிவா தன் கவுண்டருக்குக் கூப்பிட்டு, பெயரைத் தட்டினான். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: இந்தப் பதிவு லொக் செய்யப்பட்டுள்ளது.

சிவா உள்ளதைச் சொன்னான். "ஐயா, உங்கட பேர் லொக் பண்ணிக் கிடக்கு. என்னால ஒண்டும் செய்யேலாது."

"ஆர் தம்பி லொக் பண்ணினது?"

"தெரியேல்லை ஐயா. இது மேல இருந்து வருது."

அவன் சொன்னது மேல்மாடிப் பெட்டியை.

நானும் ஜெயந்தியும் திரும்பி வந்தபோது கவுண்டருக்கு முன்னால் ஆள் இல்லை. "வெளிய போனவர், வருவார்," என்றான் சிவா. காத்திருந்தோம். வாசலுக்கு வந்து பார்த்தேன். பஸ் தரிப்பிடத்திலும் இல்லை. அன்று பின்னேரம் பயணிகள் விபரம் அவர் பெயர் இல்லாமல் இறங்குதுறைக்குப் போனது. மறுநாள் கப்பலும் அவர் இல்லாமல் போனது.

சிவாவிடம் என்ன கதைத்தாய் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். அவன் சொல்லி முடித்தபோதுதான் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது: இராணுவம் தன் பெயரைப் பூட்டிவிட்டது என்றுதான் அவர் எடுத்திருக்கிறார். சிவா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். "நான் கொம்பியூட்டரைத்தான் மிஸ் சொன்னனான்," என்றான்.

6. உப்புவெளியில்

பதிவில் இருந்த விலாசத்தைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் உப்புவெளிக்குப் போனேன். மகள் கைக்குழந்தையோடு கதவைப் பாதிதான் திறந்தாள். அப்பா இங்கே இல்லை என்றாள். நான் கப்பல் கந்தோரில் இருந்து தனியாக வந்திருக்கிறேன் என்று சொன்னேன். வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள்.

கணபதிப்பிள்ளை குசினிக்குப் பின்னால் இருந்து வந்தார். சவரம் செய்யாத முகம். உட்காராமல் நின்றபடியே கேட்டார். "தங்கச்சி, நான் ஆருக்கும் ஒண்டும் செய்யேல்லை. என்ர பேர் ஏன் அவங்களிட்டப் போனது?"

"எவங்களிட்டயும் போகேல்லை ஐயா. பக்கத்துக் கவுண்டர் பிள்ளை உங்கட பதிவைத் திறந்து வைச்சிருந்தவ. ஒரு ஆள் பார்க்கேக்க மற்ற ஆள் மாத்தக் கூடாது எண்டு கொம்பியூட்டர் பூட்டி வைக்கும். அவ்வளவுதான்."

"பூட்டினது ஆர்?"

"கொம்பியூட்டர்தான்."

"அப்ப திறக்கிறது?"

"அந்தப் பிள்ளை வேலையை முடிச்சாத் தானாத் திறக்கும் ஐயா."

"இந்த நாட்டில பூட்டினது ஒண்டும் தானாத் திறந்து நான் காணேல்லை, தங்கச்சி."

ரெக்கோட் லொக்கிங் என்ற அந்தப் பூட்டு கட்டாயம் வேண்டும் என்று ரமணனிடம் அடித்துச் சொன்னதே நான்தான். அது இல்லாவிட்டால் அந்த மாணவியைப் போல இன்னும் எத்தனையோ பேர் துறையில் நின்று அழுதிருப்பார்கள். அதே லொக் இந்த மனிதரை வீட்டுக்குப் பின்னால் ஒளிய வைத்திருந்தது. இரண்டும் உண்மை. மகள் தந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

எழும்பும்போது, "அடுத்த கப்பலுக்கு நானே நிண்டு பதிவன், வாங்கோ," என்றேன்.

"நீங்கள் நிப்பீங்களோ?"

"ஓம், நிப்பன்."

அவர் மகளோடு வந்தார். அனுமதியை நீட்டித்து எடுத்திருந்தோம். ஜெயந்தியின் கதிரையில் நான் இருந்து அவருடைய பதிவைத் திறந்தேன். ரிக்கற் அச்சாகி வரும்வரை அவர் பிரின்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையில் கொடுத்தபோது தன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

அதற்குள் ரமணனைக் கூப்பிட்டு அந்த வரியை மாற்றச் சொல்லியிருந்தேன். டெர்மினலில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினோம்: பக்கத்துக் கவுண்டரில் பார்க்கினம், கொஞ்சம் பொறுங்கோ. ரமணன் சிரித்தார். "இது ரெக்னிக்கல் மெசேஜ் மிஸ். ஸ்ராஃப் மட்டும்தான் பார்ப்பினம்." நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு சிரிக்கவில்லை. வேறு எந்தெந்த வரிகள் அப்படி இருக்கின்றன என்று அவரே தேடி எடுத்தார். "அனுமதி மறுக்கப்பட்டது" என்று ஒன்று இருந்தது. பாஸ்வேர்ட் பிழைத்தால் வருவது.

இன்று டேட்டாபேஸ் தெரிவு செய்யப் போகிற பிள்ளைகள் என்னிடம் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதுண்டு. எத்தனை பேர் ஒரே நேரத்தில் பாவிப்பார்கள், கரண்ட் போனால் என்ன ஆகும், பழுதானால் யார் வருவார்கள் என்று கேளுங்கள் என்பேன். எங்கள் கேள்விகளும் அவைதான், அவற்றில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பெட்டி முடியாது என்று சொல்லும்போது எந்தச் சொல்லால் சொல்கிறது, அந்தச் சொல்லைக் கவுண்டருக்கு வெளியே நிற்பவர் எப்படிக் கேட்பார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வயரைப் பிடுங்கிப் பார்த்த எனக்கு, வரிசையில் போய் நின்று பார்க்கத் தோன்றவில்லை. வாங்குவதற்கு முதல் ஒரு தரம் அங்கே போய் நில்லுங்கள்.