நரம்பு இல்ல, நாண்

என் அக்காவிடம் போய் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தோம். வலி ஓரமாக நிற்க வேண்டியதுதான், முதலில் பாடம் நடக்கும். "அது நரம்பு இல்ல, நாண். தசையை எலும்போட கட்டி வைக்கிறது நாண். நரம்பு வேற." மூட்டை தூக்குகிறவரோ பெயிண்டரோ, யாராக இருந்தாலும் கட்டிலில் காலை நீட்டியபடி ஒருமுறை "நாண்" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் கை வைப்பாள். மருத்துவமனையில் அவளுக்கு நாணக்கா என்றே பெயர். நாணத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்று நான் கிண்டல் செய்வேன்.

அவள் பிசியோதெரபிஸ்ட். இருபத்திரண்டு வருடமாகக் கீழ்த்தளத்தில், பெரியவர்கள் பிரிவில் வேலை. முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி என்று வருகிறவர்களை அவளிடம்தான் அனுப்புவார்கள். சாய்வாக அறுத்த ஒரு பலகை வைத்திருந்தாள். அதில் ஒற்றைக் காலில் நின்று மெதுவாக முட்டியை மடக்கி நிமிர வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று, காலையும் மாலையும். "படுத்துக் கிடந்தா நாண் சோம்பேறி ஆயிடும். வலிச்சாலும் பாரம் குடுங்க, இறுகும்" என்பாள். இறுகவும் செய்தது. ஏணியையே விற்றுவிட்ட ஒரு பெயிண்டர் நான்கு மாதத்தில் திரும்ப ஏணி வாங்கினார். அவள் சொன்னது பொய்யே இல்லை. அதுதான் வினையாகப் போனது.

அவள் மகளை நாங்கள் தவளை என்று கூப்பிடுவோம். உயரம் தாண்டுகிறவள். பன்னிரண்டு வயதில் ஒரே வருடத்தில் நாலு விரற்கடை வளர்ந்தாள். விளையாட்டுப் பள்ளித் தேர்வுக்கு அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. அதில் தேறினால் விடுதி, பயிற்சியாளர், நல்ல மைதானம் எல்லாம் கிடைக்கும். பெண்ணுக்கு வேறு பேச்சே இல்லை. தூக்கத்தில்கூட காலை உதறுவாள். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது முழங்காலுக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது.

"அம்மா, எலும்பு வலிக்குது."

"எலும்பு இல்லடி, நாண்."

"இல்லம்மா, இங்க பாரு. எலும்புலதான்."

"எனக்குத் தெரியாதா? நாண் வந்து ஒட்டுற இடம் அது. நாண்தான்."

அந்த வீட்டில் பேச்சில் ஜெயிப்பது எப்போதும் அக்காதான். மறுநாளே சாய்பலகை வீட்டுக்கு வந்தது.

அப்போது நானும் அவர்களோடுதான் இருந்தேன். மாலையில் தவளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எண்ணியது நான். பெரியவர்கள் இரண்டாவது சுற்றிலேயே கையெடுத்துக் கும்பிடுவார்களாம். இவளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் மூச்சு திரும்பிவிடும். பிள்ளைகளின் தசை அப்படித்தானாம், சீக்கிரம் களைக்காது, களைத்தாலும் உடனே தேறிவிடும். பின்னால் தெரிந்துகொண்டது இது. அன்றைக்கு அக்காவுக்கு அது பெருமையாக இருந்தது. புத்தகப் பையை முதுகில் மாட்டிவிட்டு இன்னும் ஒரு சுற்று செய்ய வைத்தாள். வலிக்கிறது என்றால், "வலிச்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பாள். பத்து நாளில் தவளை வலி என்று சொல்வதையே நிறுத்திவிட்டாள். தொடை கட்டையாக இறுகியிருந்தது. குணமாகிவிட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்.

தேர்வு நாளில் முதல் இரண்டு தாண்டல் நன்றாகத்தான் போயின. மூன்றாவதில் ஓடிவந்து காலை ஊன்றினாள். மளுக்கென்று ஒரு சத்தம். குறுக்குக் கம்பி அசையக்கூட இல்லை, அதற்கு முன்னாலேயே கீழே கிடந்தாள். அப்போதும் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு "எலும்பு, எலும்பு" என்றுதான் அழுதாள்.

எலும்பு டாக்டர் அக்காவைவிடச் சின்னவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார்.

"நாணுக்கு என்ன ஆச்சு டாக்டர்?" என்றாள் அக்கா.

"நாணுக்கு ஒண்ணுமே இல்ல மேடம், அருமையா இருக்கு. அது ஒட்டியிருந்த எலும்புதான் பேந்து வந்திருக்கு. பெரியவங்களுக்கு நாண் விறைப்பா இருக்கும், எலும்பும் கெட்டி. ரொம்ப இழுத்தா நாண்தான் அறும். வளர்ற பிள்ளைங்களுக்கு நாணே கொஞ்சம் நெகிழும். அது ஒட்டுற எலும்பு முனை இன்னும் குருத்து. ஈரச் சுவத்துல ஆணி அடிச்சு துணிக்கொடி கட்டுற மாதிரி. தசைக்கு மட்டும் பலத்தை ஏத்தினா, கொடி அறாது, ஆணி புடுங்கிட்டு வரும். உங்களுக்குத் தெரியாததா மேடம்."

அவர் மரியாதைக்குத்தான் அப்படிச் சொன்னார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

குழந்தைகள் பிரிவு அதே கட்டடத்தில் முதல் மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படி. ஏறிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வராந்தாவில் வைத்தே அக்காவைக் கேட்டுவிட்டேன்.

"அவ எலும்புன்னு சரியாத்தானே சொன்னா? நீ அவ பேச்சைத் திருத்திக்கிட்டு இருந்தே."

கையைப் பிடித்து எண்ணியது யார் என்று அக்கா திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

இரண்டு திருகாணி வைத்து மூட்டினார்கள். இப்போது தவளைக்குப் பதினைந்து வயது. தவளை என்று யாரும் கூப்பிடுவதில்லை. எலும்பு முன்பக்கம் வளராமல் நின்றுபோய், பின்பக்கம் மட்டும் வளர்ந்ததில், நின்றால் முட்டி பின்னுக்கு வளைகிறது. வளர்ச்சி முழுதும் நின்ற பிறகு வெட்டி நேராக்க வேண்டுமாம். தாண்டுவதைப் பற்றி டாக்டரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அக்கா இன்னும் அதே கீழ்த்தளத்தில்தான் வேலை பார்க்கிறாள். நரம்பு இழுத்துக்கிச்சு என்று யாராவது சொன்னால், சரி என்று காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். புதிதாக வந்தவர்களுக்கு நாணக்கா என்ற பெயரே தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிக்கு ஏறிய பெண் நாலாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"எங்கம்மா வலிக்குது?"

பெண் திரும்பவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடியே மீதிப் படிகளை ஏறிப் போனாள்.