பால்காரம்மா எழுதிக் கொடுத்த கடிதம்

அந்தக் குழந்தைகள் கிளினிக்கில் நர்ஸாகச் சேர்ந்த மூன்றாம் மாதமே அவளுக்குப் 'பால்காரம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர் டாக்டரம்மாவின் கணவர். மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். "காலையில கதவு திறந்ததுலேருந்து பால் பால்னே ஒரே பேச்சு. விட்டா சைக்கிள்ல கேன் கட்டிட்டுக் கிளம்பிடுவீங்க போல" என்று அவர் ஒருநாள் சொல்ல, காத்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

வீட்டின் கீழ்த்தளம்தான் கிளினிக். மாடியில் டாக்டர் குடும்பம். கீழே பழைய சமையலறை பால்காரம்மாவின் ராஜ்ஜியம். அடுப்பு இருந்த மேடையில் எடை மிஷின். ஓரமாகக் கை வைத்த நாற்காலி, மூன்று தலையணை, வாசலுக்கு ஒரு திரை. பிள்ளை பெற்று நாலைந்து நாள்கூட ஆகாத பெண்கள் கண் வீங்கி, நடை தளர்ந்து அந்தத் திரையை விலக்கிக்கொண்டு வருவார்கள். பால்காரம்மா முதலில் வெந்நீரில் கையைக் கழுவிச் சூடாக்கிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் தொடுவாள்.

"குனியாதம்மா. மார்பைத் தூக்கிக்கிட்டு நீ பிள்ளைகிட்ட போகாத, பிள்ளையை உன்கிட்ட கொண்டு வா. கிணறு எங்கயாவது நடந்து போகுமா?"

அழுதுகொண்டு வந்த பெண் சிரித்துவிடுவாள். சிரித்தால் தோள் தளரும். தோள் தளர்ந்தால் பாதி வேலை முடிந்தது என்பது அவள் கணக்கு.

டப்பாப் பால் என்றால் மட்டும் அவளுக்கு ஆகாது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் மகன் பிறந்தபோது பெரிய ஆஸ்பத்திரி வார்டில் வேலை. இருபதாம் நாளே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். பால் கட்டிக் கட்டி, பத்தே நாளில் வற்றிப்போனது. மகன் டப்பாப் பாலில்தான் வளர்ந்தான். இன்று அவன் லாரி மெக்கானிக், ஆறடி ஆள், டயரை ஒற்றைக் கையில் உருட்டுவான். ஆனாலும் அவன் தும்மினால் இவளுக்குச் சுருக்கென்னும். 'நான் கொடுத்திருந்தா...' என்று மனது ஆரம்பித்துவிடும். தனக்கு வாய்க்காதது மற்றவளுக்காவது வாய்க்கட்டும் என்று இறங்கியவள், எங்கே நிற்பது என்று தெரியாமல் கொஞ்சம் வேகமாகவே ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் மழை விடவேயில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளைகள் வாசற்படி வரை காத்திருந்தார்கள். போன் அடித்தபோது பால்காரம்மா ஒரு கையில் தெர்மாமீட்டரும் இன்னொரு கையில் யாருடைய பிள்ளையோ ஒன்றுமாக நின்றிருந்தாள். போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டாள்.

பேசியது ஒரு பள்ளிக்கூட டீச்சர். கணக்கு எடுப்பவள். முதல் குழந்தை, பெண், பிறந்து நாலாம் நாள்.

"சிஸ்டர், பாப்பா தூங்கிக்கிட்டே இருக்கா. பால் குடிக்க எழுப்பினாக்கூட எழுந்துக்க மாட்டேங்கறா."

"தூங்கற பிள்ளை வரம்மா. எங்கிட்ட ஒருநாள் விடு, நான் கொஞ்சம் தூங்கிக்கறேன்."

"பால் பத்தலையோன்னு எங்க அத்தை சொல்றாங்க. ஒரு டப்பா வாங்கட்டுமான்னு..."

"அந்தப் பேச்சே எடுக்காத. புட்டியைக் காட்டினா உன்னை மறந்துடும். ரெண்டு நாள் பொறு, தானா ஊறும்."

வைத்துவிட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இப்படி யார் கூப்பிட்டாலும் அவள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை ஒரு நாளில் எத்தனை துணி நனைக்கிறது? உள்ளே போனால்தானே வெளியே வரும். நாலாம் நாள் நாலு துணியாவது நனைய வேண்டும், இல்லையென்றால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அன்றைக்கு அவள் அதைக் கேட்கவில்லை.

ஆறாம் நாள் டீச்சரும் அவள் கணவனும் நனைந்துகொண்டே ஓடிவந்தார்கள். கணவன் மின்சார லைன்மேன். வேலைச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. குழந்தையை எடை மிஷினில் கிடத்தியபோது முள் நின்ற இடத்தைப் பார்த்ததுமே பால்காரம்மா டாக்டரம்மாவைக் கூவி அழைத்தாள். உதடு காய்ந்து, உச்சிக்குழி உள்வாங்கி, கை லேசாக வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உடம்பில் நீர் வற்றி, ரத்தத்தில் உப்பு ஏறி, வலிப்பு வந்திருந்தது. உயிர் தங்கியது. மூளையில் ஒரு பகுதி மீளவில்லை.

மறு வாரமே டாக்டரம்மா கிளினிக்கில் ஒரு மாற்றம் செய்தார். பிறந்த எந்தக் குழந்தையும், வீட்டார் போன் செய்தாலும் செய்யாவிட்டாலும், மூன்றாம் நாள் வந்து எடை பார்த்தாக வேண்டும். பால்காரம்மா டப்பாப் பாலைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். தேவைப்பட்ட பிள்ளைக்குத் தானே கலந்து, கரண்டியால் ஊட்டினாள். அந்தப் போன் பேச்சைப் பற்றி மட்டும் டாக்டரம்மாவிடம் மூச்சு விடவில்லை.

டீச்சரிடமும் சொல்லவில்லை. அதுதான் பெரிய கொடுமை. ஏனென்றால் டீச்சர் அதே கிளினிக்குக்குத்தான் மகளைத் தொடர்ந்து தூக்கிக்கொண்டு வந்தாள். கழுத்து நிற்கவில்லை. பிறகு நின்றது. மூன்று வயதில் உட்கார்ந்தாள். நாலு வயதில் 'ம்மா' என்று ஒரு சொல். கால் மட்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் பால்காரம்மாதான் எடை பார்ப்பாள், ஊசி போடுவாள், காலை நீவிவிடக் கற்றுக்கொடுப்பாள்.

"உங்க கையை மட்டும்தான் இவ தள்ளிவிட மாட்டா, அக்கா" என்பாள் டீச்சர். "நீங்க அன்னிக்கே சரியாத்தான் சொன்னீங்க. என்கிட்டதான் பால் இல்லை. எங்க அத்தை வாயைத் திறந்தா அதையேதான் சொல்றாங்க. காலி பானைன்னு பேரு வச்சிருக்காங்க எனக்கு."

சொல்லிவிட வேண்டும் என்று பால்காரம்மா ஒவ்வொரு முறையும் வாயெடுப்பாள். யாராவது திரையை விலக்குவார்கள். அல்லது டீச்சரே சிரிப்பாள். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று ஐந்து வருஷம் ஓடிவிட்டது. தன் வீட்டில் சாப்பாடு இறங்காத நாளில் கணவன் கேட்டால் வெயில் என்பாள், வேலை என்பாள்.

ஐந்தாம் வருஷம் டீச்சர் ஏழு மாத வயிற்றோடு வந்தாள். மகளை நாற்காலியில் சாய்த்துவிட்டு, மெதுவான குரலில் கேட்டாள்.

"அக்கா, பால் ஊறாமலே இருக்க மாத்திரை இருக்காமே? டெலிவரி ஆன அன்னிக்கே போட்டுக்கணும். இன்னொரு பிள்ளையை இந்த உடம்பை நம்பி விட மாட்டேன். என் பிள்ளையை நானே பட்டினி போட்டவ, அக்கா."

பால்காரம்மா போய்த் திரையை இழுத்து மூடிவிட்டு வந்தாள்.

"நீ போடலைம்மா. நாலாம் நாள் நீ போன் பண்ணின. எத்தனை துணி நனைஞ்சதுன்னு நான் கேட்டிருக்கணும். எல்லார்கிட்டயும் கேப்பேன். உன்கிட்ட கேக்கலை. கேட்டிருந்தா அன்னிக்கே உன்னை வரச் சொல்லியிருப்பேன். டப்பா வாங்கட்டுமான்னு நீயே கேட்ட. வேணாம்னு தடுத்தது நான்."

டீச்சர் கரும்பலகையில் தப்பான விடையைப் பார்ப்பதுபோல அவளையே பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள் கடைசியில். "நாலாம் நாள் ஒரே ஒரு துணி. நோட்டுல எழுதி வச்சிருந்தேன், அக்கா. எத்தனை மணிக்குக் குடிச்சா, எத்தனை நிமிஷம், எப்ப நனைச்சா, எல்லாம். போன் பண்ணும்போது அந்த நோட்டு மடியிலதான் இருந்தது. யாராவது கேப்பாங்கன்னு வச்சிருந்தேன்."

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வயிற்றோடு. உதவிக்குப் போன கையைத் தொட விடவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் அவள் கணவர் லைன்மேன் வந்தார். காத்திருந்தவர்கள் எதிரிலேயே நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று டாக்டரம்மாவின் கணவர் ஜன்னலை விட்டு எழுந்துவிட்டார்.

"தப்பு யாருக்கும் வரும்மா. கம்பத்துல ஏறுறவன் நான், எனக்குத் தெரியும்" என்றார் லைன்மேன். "ஆனா அஞ்சு வருஷமா எங்க வீட்டுல அவளை எல்லாரும் குத்திக் குத்திக் காட்டினாங்க. அவளே தன்னைக் குத்திக்கிட்டா. நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

லைன்மேன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மருந்து ஜன்னலில் வைத்தார்.

"அவகிட்ட சொன்னதை எழுத்துல குடுங்க. அதான் கேக்கறா. வாயால சொன்னா எங்க வீட்டுல யாரும் நம்ப மாட்டாங்க."

அன்று நோயாளிகள் போன பிறகு டாக்டரம்மா, அவர் கணவர், பால்காரம்மா மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மாவின் கணவர் கூடாது என்று தலையை ஆட்டினார். "எழுத்துல குடுத்தா கோர்ட்டுல நிக்கும். உங்க வேலை போகும், எங்க கிளினிக்கும் சேர்ந்து போகும். யோசிச்சுக்குங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தான் சார் அஞ்சு வருஷம் போச்சு" என்றாள் பால்காரம்மா.

டாக்டரம்மா, "என்கிட்டகூட நீ சொல்லலையே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

எழுதினாள். நாலு தடவை கிழித்துப் போட்டாள். முதலில் எழுதியவற்றில் மழையும் கூட்டமும் வந்தன. கடைசியாக எழுதியதில் அவை இல்லை. 'இந்தத் தாயிடம் எந்தக் குறையும் இல்லை. அவர் கவனமாக இருந்தார், சரியான நேரத்தில் கேட்டார். தவறாகச் சொன்னது நான். ஐந்து வருடம் மறைத்ததும் நான்.' இவ்வளவுதான். டாக்டரம்மா படித்துவிட்டு, 'மூன்றாம் நாளே நான் வரவழைத்திருக்க வேண்டும்' என்று கீழே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். கணவர் உறை தேடி எடுத்துக் கொடுத்தார்.

வழக்கு வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. நாலு மாதம் கழித்து லைன்மேன் மட்டும் வந்தார், மகளின் பைலை வாங்கிப் போக. பிறந்தது பையன் என்றார்.

"கடிதத்தை..." என்று பால்காரம்மா இழுத்தாள்.

"எல்லாரையும் உக்கார வச்சு, இவ நின்னுக்கிட்டே படிச்சா. க்ளாஸ்ல படிக்கிற மாதிரி. எங்க அம்மா எழுந்து போய்ப் பெரியவளைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி அவங்க அவளைத் தூக்கினதே இல்லை."

"டீச்சர் எப்படி இருக்கா?"

"அன்னிக்கு விழுந்து தூங்கினா. மத்தியானம் வரைக்கும் எழுந்துக்கலை. பையனுக்குத் தாய்ப்பாலும் குடுக்கறா, டப்பாவும் குடுக்கறா. யாரையும் கேக்கறதில்லை."

"இங்க... ஒருதடவை..."

லைன்மேன் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வர மாட்டாம்மா. உங்களைத் திட்டவும் வரலை, மன்னிக்கவும் வரலைங்கறா. விட்டுடுங்க."

டாக்டரம்மா அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று அவளுக்குச் சில நாள் தோன்றியது. அம்மாக்கள் இன்னும் வருகிறார்கள். இன்னும் பால்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிணற்று வேடிக்கையை மட்டும் இப்போது அவள் சொல்வதில்லை.

டீச்சர் குடியிருப்பது கிளினிக்குக்கு மூன்றே தெரு தள்ளி. பெரியவளுக்குக் காய்ச்சல் என்றாலும் சின்னவனுக்கு ஊசி என்றாலும் இரண்டு பஸ் மாறி வேறொரு டாக்டரிடம் போகிறாள் என்று கேள்வி. பால்காரம்மா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. மழை பிடித்துக்கொண்ட நாட்களில் மட்டும், எடை பார்த்துக்கொண்டிருப்பவள் திடீரென்று நிமிர்ந்து வெளியே பார்ப்பாள். ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒரு பிள்ளையைத் தோளிலும் வைத்துக்கொண்டு, டீச்சர் குடையை எந்தக் கையில் பிடிப்பாள்?