பெண், சோரியாங்குப்பம், பேக்கிங் பிரிவு

ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரிவது என் பிழைப்பு. தொழிற்பயிற்சி முடித்த பெண்களுக்கு நிலையான வருமானம் கிடைக்கிறதா என்று பாகூர் பக்கம் விசாரித்துக்கொண்டிருந்தேன். சோரியாங்குப்பத்தில் ஒருத்தி, ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள், முதல் இரண்டு தடவை வாயே திறக்கவில்லை. மூன்றாம் தடவைதான் சொன்னாள். சில மாதங்களுக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் எல்லோரையும் பதினைந்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். பிறகு கூப்பிட்டுப் புது ஆள் என்று எழுதிக்கொள்வாராம். எத்தனை வருஷம் உழைத்தாலும் ஒருத்தியும் நிரந்தரம் ஆக முடியாது.

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா அடுத்த தபா கூப்பிட மாட்டாருக்கா. எங்க வூட்டுக்காரரு இடுப்பு ஒடிஞ்சி படுத்துக்கினு இருக்காரு. என் சம்பளம்தான் சோறு."

"பேரே போட மாட்டோம்மா, பயப்படாதே" என்றேன். பெரிய யோக்கியை மாதிரி சத்தியம் வேறு செய்தேன்.

பேர் போடவில்லைதான். அவள் சொன்னதை அப்படியே அறிக்கையில் எடுத்துப் போட்டு, அடியில் எங்கள் வழக்கப்படி எழுதினேன்: பெண், முப்பத்தாறு வயது, சோரியாங்குப்பம், பேக்கிங் பிரிவு. கம்பெனிக்காரர்களையும் அழைத்திருந்த கூட்டத்தில் அதைத் திரையிலும் காட்டினேன். கான்ட்ராக்டர் செல்போனில் படம் எடுத்தார். அட, நம் வேலையில் மனுஷனுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமை! அந்த ஊரிலிருந்து பேக்கிங்குக்குப் போகிறவள் இவள் ஒருத்திதான். ஊர் ஊராக வேன் அனுப்பி ஆள் எடுக்கிற கான்ட்ராக்டருக்கு அது தெரியாதா? எனக்கும் தெரியும். எழுதும்போது உறைக்கவில்லை, அவ்வளவுதான். படித்த படிப்பில் தீயை வைக்க.

அடுத்த முறை வீட்டுக்கு அனுப்பிய பதினைந்து நாள் முடிந்ததும் மற்ற ஊர்ப் பெண்களுக்கெல்லாம் போன் வந்தது. இவளுக்கு வரவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. வேலையை விட்டவர்களிடம் நிரப்பி வாங்க என் பையில் வைத்திருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு, "அதையும் இப்பவே எழுதிக்கினு போயிடுக்கா. மறுபடி உன் வண்டி வாசல்ல நின்னா வேற எவனும் என்னைச் சேக்க மாட்டான்" என்றாள்.

மறுக்கத் தைரியமில்லை. பேனாவை எடுத்தேன். வேலையை விட்டதற்குக் காரணம் என்ற இடம் வந்தது. அதில் அச்சடித்திருந்த பதில்களை வாசித்தேன்: திருமணம், உடல்நலம், தூரம், குழந்தை, சொந்தக் காரணம்.

கடைசிவரை கேட்டுவிட்டு, "நீ வந்தன்னு போட எடம் இல்லியாக்கா?" என்றாள்.