வேல் ஏறிய கன்னம்

எண்பதுகள் முடியப்போகும் நேரம். எய்ட்ஸ் என்றால் வெள்ளைக்காரன் சீக்கு, ரப்பர் தோட்டத்துப் பையன்களை அது எங்கே தேடி வரப்போகிறது என்றுதான் எங்களில் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எங்களில் என்றால், ஆண்களையே விரும்பிய தமிழ்ப் பையன்கள். சுங்கை பட்டாணியில் நான் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விரும்பிய ஒருவன் வருவான். அவனுக்கு லூனாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் செமிலிங் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம்; பூசை முடிந்ததும் நேரே அறைக்கு ஓடுவேன்.

எனக்கும் அவனுக்கு முன்னால் சிலர் இருந்தார்கள், அவனுக்கும் அப்படித்தான். பினாங்கில் ஒரு கிளினிக்கில் நான் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். ஒன்றும் இல்லை என்றார்கள். நீயும் செய்துகொள், அதுவரை ஆணுறை இல்லாமல் வேண்டாம் என்று அவனிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. அந்தச் சனியனை வாங்குவதே பெரும்பாடு. இங்கே மருந்துக்கடையில் மாதா கோயில் பாடகர் குழுப் பெண் நிற்பாள். அதற்குப் பயந்தே பஸ் ஏறி அலோர் ஸ்டார் போவேன். அப்படி அலைந்து வாங்கி வந்தாலும் அவன் துரை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

அந்த வருடத் தைப்பூசத்துக்கு அவன் விரதம் இருந்து கன்னத்தில் வேல் குத்திக்கொண்டான். மறுவாரம் வந்தவன் ஆணுறைப் பொட்டலத்தை எடுத்து மூலையில் வீசினான்.

"இன்னும் என்னடா இது? வேல் குத்துனப்ப ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சா? நீதான் பக்கத்துல நின்னு பாத்தல்ல? உடம்பு கெட்டுருந்தா சாமி ஏத்துக்குமா?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "சாமி வேற, சீக்கு வேற. டாக்டர்கிட்ட போ லா!"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது.

"போயி, இருக்குன்னு சொல்லிட்டா? அன்னிக்கு சாமி என்னை ஏத்துக்கலன்னுதான அர்த்தம்? அதுவும் இல்லன்னா எனக்கு யாருடா இருக்கா?"

"நான் இருக்கேன் லா."

சிரித்தான். "நீயா? எங்கம்மா முன்னாடி வந்து சொல்லு, பாப்போம்."

எப்படிப் பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து முட்டிக்கொள்வோம். அலுத்துப்போயிருந்தது. அவன் மேல் அவ்வளவு ஆசை, அவ்வளவு பயம். அவனைத் தொடாமலேயே கூட்டிப்போய் லூனாஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அவன் மறுபடி வரவில்லை. பரிசோதனைக்குப் போனானா, நன்றாக இருக்கிறானா என்று யாரிடமாவது விசாரிக்கலாம் என்றால், எங்கள் இருவரையும் சேர்த்துத் தெரிந்தவர்கள் என்று ஒருவர்கூட இல்லை.