பழப்புளியில் கழுவிய கோதுகள்

நூறு ரவைக் கோதுகள். அவற்றைத் தயார் செய்ய எனக்கு மூன்று வார இறுதிகள் பிடித்தன. பாழாக்க என் கணவருக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

கோது என்று நான் சொல்வது, சுட்டு முடிந்தபின் துவக்கிலிருந்து வெளியே விழுகிற பித்தளைக் குப்பியை. இலக்குச் சுடும் போட்டிக்குப் போகிறவர்கள் அதை எறிவதில்லை. கழுவி, அளந்து, திரும்பவும் வெடிமருந்து நிரப்புவோம். பெரும்பாலானவர்கள் கடையில் கிடைக்கிற அளவுக் கோதோடு நிம்மதியாக வாழ்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை. எந்தத் தொழிற்சாலையும் செய்யாத ஓர் அளவில் என் துவக்கில் கோது போய் உட்காரும் அறையைக் குடைவித்து வைத்திருக்கிறேன். இந்த மாதிரி ஊரில் இல்லாத அளவுகளுக்கு இங்கே வைல்ட்கட், அதாவது காட்டுப்பூனை என்று பெயர். வீட்டுப்பூனையோடு நின்றிருக்கலாம். புத்தி எங்கே போனதோ.

இந்தப் பூனைக்குக் கோது கடையில் இல்லை. அதற்குக் கிட்டிய அளவில் ஒன்றை வாங்கி, கழுத்தை விரித்து, கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டி இளக்கி, மருந்தும் ஈய ரவையும் வைத்து, அதே துவக்கில் ஒருமுறை சுட வேண்டும். வெடிக்கிற வேகத்தில் பித்தளை ஊதி, அறையின் வடிவத்துக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் அது என் கோது. ஆக, போட்டியில் ஒரு வெடி வைக்க முன்னம், அதற்காக இன்னொரு வெடியைச் சும்மா வைக்க வேண்டும். இதை யாருக்காவது விளங்கப்படுத்தினால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கோயிலில் ஓர் அன்ரி, பொம்பிளைக்கு என்னத்துக்குத் துவக்கு, அதுக்குப் பயந்துதானே எல்லாரும் இங்கே ஓடிவந்தது என்று வடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். வடை ஆறப்போகுது அன்ரி என்றேன்.

இவ்வளவு பாடும் மாநில அணிக்காக. அணியில் நான்கு இடங்கள். போன வருடம் ஒரே ஒரு புள்ளியில் நான் ஐந்தாவது. அந்தப் புள்ளி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். சோம்பல்பட்டு நெருப்புக் காட்டாமல் விட்ட ஒரு கோதின் கழுத்து பிளந்து, அந்த வெடி ஓரத்தால் போய்விட்டது. இந்த வருடம் அப்படி விடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். தேர்வுப் போட்டிக்கு அறுபது கோது வேண்டும். இன்னும் இரண்டு கிழமை, பதினான்கே நாள், இருந்தது.

நெருப்புக் காட்டிய கோதின் கழுத்தில் நீலமும் ஊதாவுமாக ஒரு வளையம் விழும். பார்த்த உடனேயே தெரியும். அறுபத்தைந்துக்குக் காட்டி முடிந்தபோது காஸ் தீர்ந்துவிட்டது. மிச்சம் முப்பத்தைந்தையும் அதே வாளிக்குள் போட்டேன். வளையம்தான் இருக்கிறதே, பிரித்து வைப்பானேன் என்ற எண்ணம். மருந்தும் துவக்கும் சட்டப்படி பூட்டுக்குள். வெறும் கோதுகளின் வாளி கராஜில், உடுப்புத் தோய்க்கிற தொட்டிக்குப் பக்கத்தில். அங்கே வைத்தது என் பிழைதான். ஆனால் அதை அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சதுர்த்திக்கு முன்னம் த பேசின் என்ற இடத்தில் உள்ள பிள்ளையார் கோயிலின் குத்துவிளக்குகளையும் தட்டுகளையும் தொண்டர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுபோய்த் துலக்குவார்கள். என் கணவரும் ஒரு பெட்டி நிறையக் கிரான்பர்னில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். பழப்புளியும் தேசிக்காயும் உப்பும் போட்டு ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் தேய்த்து, புதிதுபோலத் திருப்பிக் கொடுப்பார். அந்தச் சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது கராஜ் முழுவதும் புளி வாசம். ஒரு பழைய துவாயில் விளக்குகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் பக்கத்தில், அதே ஒழுங்கில், நூறு கோதுகளும் கலியாண வீட்டுப் பித்தளைபோல மினுங்கின. ஒன்றில்கூட வளையம் இல்லை.

கத்தினேன். அதை நாகரிகமாகச் சொல்ல வழியில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன் என்றேன். மூன்று கிழமை வேலை என்றேன். எது நெருப்புக் கண்டது, எது காணாதது என்று இனி அந்தப் பிள்ளையார்தான் வந்து சொல்ல வேண்டும் என்றேன். அவர் கையில் தும்போடு நின்றார். எனக்கு ஆத்திரத்தைக் கூட்டுவது அவர் அப்படி நிற்பதுதான். திருப்பி ஏசத் தெரியாத மனிதரோடு எவ்வளவு நேரம் சண்டை பிடிப்பது?

எல்லாவற்றுக்கும் மறுபடி நெருப்புக் காட்டினால் என்ன என்று எங்கள் சுடும் கிளப்பில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். ஒருமுறை இளகிய கழுத்தும் இருமுறை இளகிய கழுத்தும் ரவையை ஒரே இறுக்கத்தில் பிடிக்காது. ஐந்நூறு மீற்றர் போனதும் அந்த வித்தியாசம் இலக்கில் தெரியும். அப்படித்தான் நான் நம்புகிறேன், என்னை மாற்ற முடியாது. புதுக் கோது வாங்கலாம் என்றால், கப்பலில் வருகிறது என்றார்கள் கடையில். எந்தக் கப்பல் என்று அவர்களுக்கும் தெரியாது.

கோபம் கொஞ்சம் இறங்கியபின்தான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் நான் துவக்குப் பெட்டியைத் திறந்தால் அறையை விட்டே போகிறவர். அக்கம்பக்கத்தில் பட்டாசு வெடித்தால் குசினிக் கதவைச் சாத்துகிறவர். நான் ஊரில் சண்டை இறுக முன்னமே சிறுபிள்ளையாக இங்கே வந்துவிட்டவள், எனக்குத் துவக்கு ஒரு விளையாட்டுச் சாமான். அவர் சண்டையின் கடைசிவரை வன்னியில் இருந்தவர். அங்கே ஷெல்லடிக்குப் பதுங்கியிருந்த பங்கரைப் பற்றி ஒரேயொருமுறை சொன்னார். இரண்டாம் முறை நான் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர் இதை ஏன் தொட்டார்?

"இஞ்சாருங்கோ, உங்களை ஆர் இதைக் கழுவச் சொன்னது?"

அவர் ஒரு கோதை எடுத்துத் துவாயில் துடைத்தபடியே சொன்னார். "நான் கண்ட கோதெல்லாம் சேத்துக்குள்ள கிடந்ததுதான். சுவாமி விளக்கோட ஒண்டாக் கழுவினா அந்தப் பயம் போகுதோ எண்டு பாத்தனான்."

"போனதோ?"

"நீர் வந்து கத்துமட்டும் போயிருந்தது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோபமும் போகவில்லை. அவர்மேல் இரக்கப்பட்டால் என் வளையங்கள் திரும்பி வந்துவிடுமா என்ன?

எல்லாவற்றையும் தேய்த்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். சுத்தமாக இருந்தவற்றைப் புளித்தண்ணீரில் அலசி எடுத்தாராம். கழுத்து கறுத்திருந்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் தும்பால் தேய்த்தாராம். நான் பார்த்துப் பார்த்து வரவைத்த நீல வளையம் அவருக்கு அடிப்பிடித்த சட்டி.

நான் பல் கட்டும் லாப்பில் வேலை செய்கிறேன். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் கீறல் தேடுவதுதான் என் பிழைப்பு. அதை மாட்டி ஒரு கோதைப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி மயிரிழையாகக் கீறல்கள் இருந்தன, தும்பு போன தடம். அடுத்ததைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. கீறல் இருந்தால் நெருப்புக் கண்டது, இல்லாவிட்டால் காணாதது.

மேசைக்கு இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார், நான் பார்த்துப் பார்த்து இரண்டு பக்கமாகப் பிரித்தேன். முதல் சில கோதுகளை அவர் இரண்டு விரல் நுனியால்தான் பிடித்தார். பிறகு சாதாரணமாக எடுத்தார். அறுபத்தொன்றில் கீறல் நிச்சயம். நான்கில் சந்தேகம். தேய்க்கிறதுதான் தேய்த்தீர்கள், கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தேய்த்திருக்கக் கூடாதா என்று அதற்கும் அவரைத்தான் ஏசினேன்.

அடுத்த சனிக்கிழமை ரேஞ்சில் அறுபத்தொன்றையும் ஒவ்வொன்றாகச் சுட்டு ஊதவைத்தேன். ஒன்றின் கழுத்து பிளந்தது. மிச்சம் சரியாக அறுபது. ஒன்று பிசகினாலும் எடுத்துவைக்க இன்னொன்று இல்லை.

தேர்வு நாளன்று காரை அவர்தான் எடுத்தார். வேண்டாம், சத்தம் தாங்கமாட்டீர்கள் என்றேன். வண்டியைக் கிளப்பிவிட்டார். கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, என் பழைய காதுமூடியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார். நான் படுத்துச் சுடுகிற இடத்திலிருந்து தலையைத் திருப்பினால் அந்தக் கார் தெரிந்தது. காற்று ஒருபக்கம், அதைக் காட்டும் கொடி ஒருபக்கம், இப்போது இவர் வேறு. ஒவ்வொரு வெடிக்கும் அவர் உள்ளே துணுக்குறுவார் என்ற நினைப்பை ஒதுக்கி ஒதுக்கியே அறுபதையும் சுட்டு முடித்தேன். ஒரு கழுத்தும் பிளக்கவில்லை. மாலையில் பட்டியல் போட்டார்கள். நான் நான்காவது. ஐந்தாவதாக வந்தவருக்கும் எனக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

கார்க் கண்ணாடியைத் தட்டினேன். காதுமூடியைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. அணியில் எடுத்துவிட்டார்கள் என்றேன். தலையாட்டினார். என் கையிலிருந்த பெட்டியை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். அறுபது கோதும் கழுத்தில் கரி பிடித்துக் கிடந்தன.

"திரும்பவும் கறுத்துப் போச்சுது," என்றார். வீட்டில் இன்னும் கொஞ்சம் பழப்புளி மிச்சம் இருக்கிறதாம்.

"கழுவுங்கோ," என்றேன். "கழுத்தைத் தேய்க்காதேங்கோ."