ஷமீமா கடையின் மயில்கழுத்து

"தூத்துப் லம்பு, தவுக்கே," என்று மலாயில் முதலாளியை விளக்கணைக்கச் சொல்லிவிட்டு ஷமீமா கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். பாசிர் ரிஸ்ஸில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்த மீன் கடை. முதலாளி உச்சுக்கொட்டிக்கொண்டே தொட்டிக்கு மேல் எரியும் ரோஸ் விளக்கை அணைக்கிறார். வேறு யாருக்கும் அவர் இதைச் செய்வதில்லை. விளக்கு போனதும் தொட்டியில் இருக்கும் சிவப்பு மீன்களின் சிவப்பிலும் பாதி போய்விடுகிறது. செங்கல் பொடி தூவியதுபோல் நிற்கின்றன. "பாத்தீங்களா, மீதி எல்லாம் லைட்டோட சிவப்பு," என்கிறார் ஷமீமா, பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவரிடம். பிறகு ஒரே ஒரு மீனைப் பையில் பிடித்துத் தரச் சொல்லி, அந்தத் தண்ணீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்க்கிறார். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி. மனசுக்குப் பிடித்துவிட்டால் உள்ளே வந்து விரல்களைக் காட்டுகிறார், இத்தனை வேண்டும் என்று.

தையல் வேலையிலிருந்து வந்த பழக்கம் இது. தேக்கா சந்தையின் மேல்மாடியில் ப்ளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறார் ஷமீமா. கல்யாணத்துக்கு முன்பே தைக்க ஆரம்பித்தவர். பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகும் தைக்கிறார். லைனிங் துணி பார்க்க வேண்டுமென்றால் சேலையையும் சேலைக்காரியையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு மாடி நடையின் கம்பி ஓரத்துக்குப் போய்விடுவார். "டியூப் லைட்டு பொய் சொல்லும் லா. வெளிச்சத்துக்கு வாங்க." கம்பியின் மேல் முந்தானையைப் போட்டு, அதன்மேல் லைனிங் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து எடுப்பார். மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கமாட்டார். இரண்டு எட்டு பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கீழே ஈரச்சந்தையில் மீன் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவருடைய மீன் தொட்டி தையல் கடையில் இருப்பதற்குக் காரணம் புக்கிட் மேரா வீட்டில் இருக்கும் பூனை. பூனை கணவர் முபாரக்குடையது. "ரெண்டுல ஒண்ண வெளிய அனுப்புங்கன்னு சொன்னேன். மனுசன் ரொம்ப நேரம் யோசிச்சாரு. அதுக்குள்ள நானே தொட்டிய தூக்கிட்டு வந்துட்டேன்," என்பார் ஷமீமா. வெட்டும் மேசைக்கும், ப்ளவுஸ் போட்டுப் பார்க்க மறைப்பாகத் தொங்கும் திரைக்கும் நடுவில் அது நிற்கிறது. மீன்களின் இங்கிலீஷ் பெயர்கள் அவருக்கு ஆகாது. சின்னச் சின்ன சிவப்பு மீன்கள் அரக்கு. உடம்பில் பளபளவென்று நீலக் கோடு ஓடும் கூட்டத்துக்கு ஜரிகை என்று பெயர். மேல்தண்ணீரில் சாந்தமாக மிதக்கும் தேன் நிறத்து ஜோடி மாம்பழ மஞ்சள். தரையைக் கிளறிக்கொண்டே திரியும் மீசை மீன்களுக்கு மட்டும் செய்கிற வேலையே பெயர்: கூட்டிப் பெருக்குறவங்க.

துணியில் நிறம் பொருந்தினால் போதும், மீனில் அது போதாது என்பதை ஷமீமா பட்டுத் தெரிந்துகொண்டவர். ஆரம்ப காலத்தில் ரோஸும் பச்சையுமாகக் கோடு போட்ட கண்ணாடி மீன்களை ஆசையாக வாங்கி வந்தார். ஒரு மாதத்தில் கோடுகள் வெளுத்துப் போயின. ஊசி போட்டு ஏற்றிய சாயம் என்று பிறகுதான் தெரிந்தது. "சாயம் போற துணிய திருப்பிக் குடுக்கலாம். சாயம் போற மீன என்ன செய்ய?" அவை சாகும்வரை தீனி போட்டார். அதற்கப்புறம் வந்ததுதான் வெயிலில் பிடித்துப் பார்க்கிற வழக்கம்.

மற்ற வழக்கங்களும் அப்படி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவைதான். ஜரிகையை ஒன்றிரண்டாக வாங்க யாரையும் விடமாட்டார். "கூட்டமா இருந்தாத்தான் அதுக்குத் தைரியம். ரெண்டே ரெண்ட வுட்டா செடி மறைவுலயே கெடக்கும். அப்புறம் நீங்க செடியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்." பெரியதன் வாய்க்குள் சின்னது நுழையும் என்றால் இரண்டையும் ஒன்றாக விடுகிற பேச்சையே எடுக்கக்கூடாது. மேலே, நடுவே, தரையில் என்று எல்லா இடத்திலும் ஆள் இருக்க வேண்டும். ஒரே இடத்துக்கு எல்லாரும் முட்டிக்கொள்ளக் கூடாது. விசிறி வால் வைத்த கப்பி மீனைக் கண்டால் சிரிப்பு வந்துவிடும் அவருக்கு. "ஆம்பளதான், ஆனா முந்தானை அவனுக்குத்தான். இழுத்துப் பாக்குறவன் எவனாச்சும் பக்கத்துல இருந்தா ஒரு வாரத்துல ஒண்ணும் மிஞ்சாது."

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குமுன் சாப்பாடு போட்டுப் பார்ப்பார். தவுக்கேயைக் கடைத் தொட்டியில் ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லிவிட்டுக் கண்ணாடியோடு ஒட்டி நிற்பார். முந்தி வருகிற மீன் பக்கத்தில் இருப்பதை இடிக்கிறதா, அதற்கும் இடம் விடுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். இடிக்கிற மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுவார். வாங்கி வந்ததையும் நேரே தொட்டியில் விடுவதில்லை. லைனிங்கை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுகிறவர் அவர். புது மீனும் மேசைக்கு அடியில் இருக்கும் சின்னத் தொட்டியில் சில நாள் இருந்துவிட்டுத்தான் மேலே வரும்.

ஆகவே பெண்கள் ப்ளவுஸுக்கு அளவு கொடுக்கும்போதே மீனுக்கும் யோசனை கேட்டுக்கொள்கிறார்கள். கையைத் தூக்கியபடி நின்று, "வீட்டுல ஏஞ்சல் மீன் வாங்கலாம்னு பாக்குறோம்," என்று ஒருத்தி தொடங்கினால், ஷமீமா டேப்பை வாயில் கவ்விக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். எந்தப் பக்கம் ஆட்டுகிறார் என்று பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். "ஷமீமா பாத்துச் சொன்னா சரியா இருக்கும்" என்பது முதலில் ப்ளவுஸுக்குச் சொன்ன பேச்சு. எப்போதோ மீனும் அதில் சேர்ந்துகொண்டது. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் ஷமீமாவின் மிஷின் கொஞ்சம் வேகமாக ஓடும்.

மயில்கழுத்து வந்தது ஒரு மழை நாளில். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கௌராமி மீன். மயில்கழுத்து நிறத்து உடம்பில் சாய்வாக அரக்குக் கோடுகள். விளக்கை அணைத்தும் அதன் நிறம் போகவில்லை. கொட்டுகிற மழையில் நடைபாதைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அந்தச் சாம்பல் வெளிச்சத்திலும் நீலம் நீலமாகவே நின்றது. எத்தனையோ கல்யாணப் பட்டுகளை மடியில் போட்டுத் தைத்த ஷமீமா அப்படி ஒரு சேர்க்கையைப் பார்த்ததில்லை. சாப்பாடு போட்டுப் பார்க்கிற நினைப்பே அவருக்கு வரவில்லை.

சின்னத் தொட்டியில் தனியாக இருந்தவரை அது சாது. பெரிய தொட்டிக்கு மாறிய பிறகு, மாம்பழ மஞ்சள் ஜோடி வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. ஒன்றின் வால் ஓரம் கத்தரியால் நறுக்கியதுபோல் ஆனது. ஷமீமா முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டார், பிறகு வடிகட்டியை. ஒரு பாவமும் அறியாத அரக்குகளைக்கூட முறைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் ஊசியில் நூல் கோக்கத் தலையைத் தூக்கியபோது கண்ணுக்கு நேரே நடந்தது. மயில்கழுத்து மூலையிலிருந்து பாய்ந்து மஞ்சளின் விலாவில் ஓர் இடி இடித்துவிட்டு, ஒன்றுமே தெரியாததுபோல் திரும்பிப் போய் நின்றது.

ஷமீமா நூலைக் கோத்தார். யாரிடமும் சொல்லவில்லை. அதைத் தனியே எடுத்து வைத்தால், அடுத்து வருகிறவள் ஏன் என்று கேட்பாள். ஷமீமா கடையில் அந்தக் கேள்வி இதுவரை வந்ததில்லை.

சனிக்கிழமை ரத்தினம்மா வந்தார். ஷமீமா கடை போட்ட புதிதிலிருந்து வருகிறவர். மகள் திவ்யதர்ஷினிக்குக் கல்யாணம். ப்ளவுஸ் போட்டுப் பார்க்க அவளையும் அழைத்து வந்திருந்தார். அவளும் மாப்பிள்ளை ரமணனும் புக்கிட் பாஞ்சாங்கில் புது வீட்டுக்குப் போகிறார்கள். பால் காய்ச்சுகிற நாளுக்குள் கூடத்தில் ஒரு மீன் தொட்டி கலகலவென்று இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தொட்டியை வைத்துத் தண்ணீரும் ஓடவிட்டாயிற்று. மறுநாள் ஷமீமாவோடு பாசிர் ரிஸ் போய் மீன் எடுப்பதாகப் பேச்சு. ஷமீமாவை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் ஹம்னா ஏற்கெனவே கடையில் உட்கார்ந்திருந்தாள். பாஜு குரோங் சட்டையின் கை நீளத்தைக் குறைக்க வந்தவள், பையில் கட்டிய கோப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு வந்த திவ்யதர்ஷினி முகக்கண்ணாடியைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இந்த ப்ளூ! சோ பிரிட்டி லா! இது ஒண்ணு இருந்தா போதும் எனக்கு."

"கழுத்து சரியா இருக்கா, அதச் சொல்லு மொதல்ல," என்றார் ரத்தினம்மா.

"கழுத்து ஓகே ம்மா. ஆன்ட்டி, இத எனக்குத் தருவீங்களா? பிளீஸ். கல்யாணப் பரிசா!"

"ஊருல எல்லாரும் நகை கேப்பாங்க, இவ மீன் கேக்குறா," என்று சிரித்தார் ரத்தினம்மா. "குடுத்துரு ஷமீமா. நீ வேற ஒண்ணு புடிச்சுக்குவ. உன் கண்ணுக்குக் கிடைக்காததா?"

அந்த மீனை வெளியே அனுப்ப ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த வழி தானாகவே திறந்தது. ஷமீமா வலையை எடுத்தார். பையில் தண்ணீர் மொண்டு மீனைப் பிடித்துப் போட்டு ரப்பர் பேண்டைச் சுற்றினார். பழக்கத்தில் கால்கள் தாமாகவே கம்பி ஓரத்துக்குப் போயின. வெயில் பைக்குள் விழுந்ததும் ஹம்னாகூட எழுந்து வந்துவிட்டாள்.

"ஐயோ, சூப்பர் ஆன்ட்டி," என்றாள் திவ்யதர்ஷினி, குண்டூசி குத்திய ப்ளவுஸோடு. "நாளைக்கு மொதல்ல கப்பி வாங்கிருவோம். ஃபேன் மாதிரி பெரிய வால் வெச்சது. ரமணனுக்கு அதான் வேணுமாம். இதோட நல்லா மேட்ச் ஆகும்ல?"

நிறத்துக்கு நன்றாகத்தான் மேட்ச் ஆகும். அந்தப் புது வீட்டுத் தொட்டி முழுவதும் ஷமீமாவின் கண்ணில் வந்து நின்றது. பால் காய்ச்ச வந்தவர்கள் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். அடுத்த வாரம் வால் கிழிந்த கப்பிகள் ஒரு குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பெண் தண்ணீரைச் சந்தேகப்பட்டு வாளி வாளியாக மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

"இது வேணாம்மா," என்றார் ஷமீமா.

"ஏன் ஆன்ட்டி?"

"அடிக்கிற மீனு. உன் கப்பி வால எல்லாம் உருவிடும்."

ஹம்னா உறிஞ்சுவதை நிறுத்தினாள். "என்ன லாத்தா, உங்க தொட்டியிலயா அடிக்கிற மீனு? சாப்பாடு போட்டுப் பாக்கணும்னு எங்க உம்மாவ ரெண்டு தடவ திருப்பி அனுப்புனீங்களே!"

ரத்தினம்மாவின் சிரிப்பு போய்விட்டது. "குடுக்க மனசில்லன்னா சொல்லிரு ஷமீமா. அதுக்கு ஏன் வாயில்லாத மீன் மேல பழி போடுற?"

ஷமீமா பையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். தொட்டிக்குள் கையை விட்டு வடிகட்டிக் குழாயை நகர்த்தினார். "இங்க வாங்கக்கா. இந்த மஞ்சளப் பாருங்க." மூன்று பேரும் குனிந்தார்கள். வால் ஓரம் கிழிந்த மீன், மறைவு போனதும் கண்ணாடி மூலையில் போய் ஒடுங்கியது.

"சாப்பாடு போட்டுப் பாக்கல. நெறத்தப் பாத்து விழுந்துட்டேன். என் கண்ணு தப்பிப் போச்சு."

'கையக் கொஞ்சம் லூஸ் பண்ணணுமா' என்று கேட்கிற அதே குரலில்தான் சொன்னார். ஈரக் கை மட்டும் கழுத்தில் தொங்கிய டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது.

ரத்தினம்மா நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"சரி, உனக்கும் தப்பும்னு தெரிஞ்சுக்கிட்டேன். அப்போ இவ கழுத்தையும் இன்னொரு தடவ அளந்துரு."

ஹம்னாவுக்குக் கோப்பி புரையேறிவிட்டது. ஷமீமா சிரிக்கவில்லை. டேப்பை அவிழ்த்து, மணப்பெண்ணைத் திருப்பி நிறுத்தி, உண்மையிலேயே அளந்தார். முன்கழுத்து, பின்கழுத்து, தோள்.

"கழுத்து தப்பலக்கா. மீனுதான்."

"அப்போ நாளைக்கு எத்தன மணிக்கு ஆன்ட்டி?" என்றாள் திவ்யதர்ஷினி. அவள் இன்னும் மஞ்சள் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தீனி நான் போடச் சொல்றேன், நீங்க பாருங்க. மழ வந்தா?"

"மழ வந்தா வாங்க வேணாம். அடுத்த வாரம் போலாம்."

ரத்தினம்மா போகும்போது, "பத்து மணிக்கு கீழ ரெடியா நிப்போம், லேட் ஆக்கிராத," என்று மிரட்டிவிட்டுப் போனார்.

ஷமீமா மேசைக்கு அடியில் இருந்த சின்னத் தொட்டியை இழுத்துத் தூக்கி, தன் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். தைக்கிற நேரமெல்லாம் கண்ணில் படுகிற இடம். ஆனால் அங்கிருந்து மீனுக்கும் பெரிய தொட்டி தெரியும். மயில்கழுத்து நாள் முழுக்கக் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு திரை வேண்டும். லைனிங் மிச்சங்களைக் கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்தார். கறுப்புத் துண்டு ஒன்று மேலேயே கிடந்தது. அளவும் சரியாக இருந்தது.

"லாத்தா, என் கை?" என்றாள் ஹம்னா.

"இரு. ஒரு ஓரம் அடிச்சுட்டு வந்துர்றேன்."

கறுப்பை ஒதுக்கிவிட்டு, நீலங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஷமீமா வெளியே போனார். கொக்கியிலிருந்து பையை எடுத்துக் கம்பி ஓரத்தில் பிடித்தார். மீனின் பக்கத்தில் ஒரு துண்டை வைத்தார், எடுத்தார். இன்னொன்றை வைத்தார், அதில் பச்சை ஓடியது. மூன்றாவதைக் கம்பியில் போட்டு, அதன் முன்னால் பையை மாட்டிவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போய் ஒரு கண்ணை மூடினார். பிறகு துண்டையும் பையையும் எடுத்துக்கொண்டு, துணியின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் மடித்தபடி மிஷினுக்குத் திரும்பினார்.