ஈரச் சாக்கில் சுற்றிய பெட்ரோல்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கு மருந்தடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பெட்ரோல் கேனை ஈரச் சாக்கில் சுற்றி, பந்தலுக்குக் கீழே ஓடும் வாய்க்காலில் பாதி முங்கும்படி வைத்துவிடுவார்கள். வெயிலில் வைத்தால் பெட்ரோல் ஆவியாகப் போய்விடும் என்று கணக்கு. கேன் என்பது சமையல் எண்ணெய் வந்த ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். அதன் மூடி எப்போதோ தொலைந்திருக்கும். வாயில் ஒரு துணியைத் திருகி அடைத்திருப்போம். சாக்கு ஈரம் துணியில் ஏறும், துணி ஈரம் உள்ளே இறங்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. தண்ணீர் கனம், அடியில் போய்த் தங்கிவிடும். கடைசி ஒரு டம்ளரை ஊற்றாமல் விட்டுவிட்டால் தீர்ந்தது. நானும் அப்படித்தான் ஆறேழு வருஷம் செய்தேன்.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டபோது தொண்ணூற்றாறு. அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், செங்கல் சூளை, திருப்பூரில் சாயப்பட்டறை, மலைக்கு மேலே ஏலத்தோட்டம் என்று எங்கும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை. ஏலத்தோட்டத்தில் மழையில் கிடந்து காய்ச்சல் வந்து இறங்கியவன் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் தங்கினேன். தோட்டத்தில் விலைக்குத் தள்ளிய பழைய பவர் ஸ்பிரேயர் ஒன்று கையில் இருந்தது. முதுகில் மாட்டிக்கொண்டு அடிக்கிற வகை. கயிற்றை இழுத்தால் இஞ்சின் ஓடும். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து, கேனை நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கூப்பிட்ட தோட்டத்துக்குப் போவேன். மழை பெய்தால் எனக்கு வேலை. வெயில் அடித்தால் பாதி நாள் படுத்திருப்பேன்.

எந்த வருஷம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை, இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். பெட்ரோலில் ஸ்பிரிட் கலக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. கரும்பாலையில் சர்க்கரை போக மிஞ்சுகிற பாகிலிருந்து எடுக்கிற ஸ்பிரிட்தான். டீக்கடையில் சிரித்தார்கள். வண்டிகளும் இனிமேல் தள்ளாடித்தான் போகும் என்றார்கள். நானும் சிரித்தேன். என் இஞ்சின் அப்போதே காலையில் நாலைந்து இழுப்பு கூடுதலாகக் கேட்க ஆரம்பித்திருந்தது. பெட்ரோல் வரும் ரப்பர் டியூப் ஊறிப் பெருத்து, கார்புரேட்டரில் மாட்டும் இடத்தில் வழுக்கியது. டியூப்பை மாற்றினேன். இஞ்சினுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் ஒரு புருஷன் பெண்டாட்டியின் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போனேன். ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை, இருபது வரிசை. சொந்தத் தோட்டம் இல்லை, குத்தகை. முந்தைய இரண்டு காய்ப்பும் நோயில் போயிருந்தது. இந்தக் காய்ப்பும் போனால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று தோட்டத்துக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அவர்களுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவரை அண்ணே என்பேன், அந்த அம்மாளை மதினி என்பேன். மதினிக்கு நான் கொழுந்தனார். அந்த முறையை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் பேசும்.

மூன்று நாள் மழை விட்டு அன்றைக்குத்தான் வெயில் வந்தது. கொத்து விட்டு மொட்டாக நிற்கிற நேரம். அப்போது மழை பெய்து இலை ஈரமாகவே கிடந்தால் அடிச்சாம்பல் நோய் பிடித்துக்கொள்ளும். மழை விட்ட அன்றே மருந்து இலையில் காய வேண்டும். நான் போனபோது அண்ணன் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து டிரம்மை நிரப்பி வைத்திருந்தார். கரைத்தால் அன்றே அடித்தாக வேண்டிய மருந்து அது.

மழைக்கு முன்னாலேயே நான் அவர்கள் தோட்டத்து வாய்க்காலில் வைத்துவிட்டுப் போயிருந்த கேனை எடுத்துக் குலுக்கினேன். டேங்கில் ஊற்றினேன். கயிற்றை இழுத்தேன். ஒரு தடவை இருமியது, நின்றது. அதற்கப்புறம் இருமவும் இல்லை.

பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். காகிதத்தைக் கொளுத்திப் பிளக்கைச் சூடு காட்டினேன். தோள் விட்டுப்போகும்வரை இழுத்தேன்.

"என்ன கொழுந்தனாரே, இஞ்சினுக்கு மயக்கமா?" என்றது மதினி.

"கொஞ்சம் பொறுங்க மதினி. குளுந்து கெடக்கு."

"நாங்க பொறுப்போம். மேக்க பாருங்க, அது பொறுக்குமா?"

மேற்கு மலைமேல் மேகம் கட்டியிருந்தது. மதினி கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு கிழக்கு ஓரத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தது. பந்தலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு கையால் பம்ப் அடிக்க வேண்டும், மறு கையால் குழலைப் பிடிக்க வேண்டும். ஒரு வரிசை முடிய அரை மணி நேரம் ஆகும். அண்ணன் வேறு இஞ்சின் கேட்டுப் போனார். எல்லாத் தோட்டத்திலும் அன்றைக்குத்தான் மருந்தடிப்பு. வெறுங்கையோடு வந்தார்.

நான் ஸ்பிரேயரைச் சைக்கிளில் கட்டி உத்தமபாளையத்துக்கு மிதித்தேன். அங்கே ஒரு பாய் பம்புசெட், ஸ்பிரேயர் எல்லாம் பழுது பார்ப்பார். டேங்கில் இருந்ததைக் கீழே கொட்டினார், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார், தன் டப்பாவிலிருந்து அரை டம்ளர் பெட்ரோல் ஊற்றினார். முதல் இழுப்பில் பிடித்துக்கொண்டது.

"நல்லாத்தான ஓடுது? இதத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தீகளா?"

"அங்கன அசையவே இல்ல பாய்."

"அடைப்பு இருந்துச்சு, ஊதிட்டேன். கொண்டு போங்க. கொஞ்சம் பெட்ரோல் தரட்டா?"

என்னிடம்தான் கேன் நிறைய இருக்கிறதே, வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் செய்த தப்பு இஞ்சினில் இல்லை, அந்த இடத்தில்தான்.

திரும்பி வரும்போது உச்சி சாய்ந்துவிட்டது. டேங்கில் இருந்த பாயின் பெட்ரோலுக்கு மேலேயே என் கேனைக் குலுக்கி ஊற்றினேன். இஞ்சின் ஓடியது. முதுகில் ஏற்றி நாலு எட்டு வைப்பதற்குள் திணறி நின்றது. மறுபடி இழுத்தேன். ஒன்றும் இல்லை.

அண்ணன் தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மதினி ஆறாவது வரிசையில் நின்றது. முகமெல்லாம் நீல மருந்து.

"இஞ்சின் அங்க ஓடுச்சுங்கிறீக, இங்க ஓடலங்கிறீக. அப்ப கோளாறு இஞ்சின்லயா, இங்கன இருக்கிறதுலயா?"

இங்கே இருந்தது கேன் மட்டும்தான். அதை அந்த அம்மாள் சொல்லும்வரை எனக்குத் தோன்றவில்லை.

வரப்பில் ஒரு காலி பிராந்தி பாட்டில் கிடந்தது. உலுக்கிக் காயவைத்து, கேனிலிருந்து அதில் ஊற்றினேன். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக விழுந்தது. பந்தல் தூணில் சாய்த்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் இரண்டாகப் பிரிந்தது. மேலே ஆயில் நிறத்தில் பெட்ரோல். கீழே இரண்டு விரல் கனத்துக்கு வெளுப்பாக ஒன்று. பழைய பெட்ரோலில் இவ்வளவு தண்ணீர் எந்தக் காலத்திலும் இறங்கியதில்லை. அண்ணன் மேலே இருந்ததை வடித்துவிட்டு அடியில் இருந்ததை விரலில் தொட்டு மோந்தார்.

"ஏலே, சாராயம்டா!"

"ஒங்க அண்ணனுக்கு இதெல்லாம் மோந்த ஒடனே தெரிஞ்சுபோகும்," என்றது மதினி, அந்த நிலைமையிலும்.

விஷயம் இவ்வளவுதான். பெட்ரோல் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளாது. ஸ்பிரிட் சேர்த்துக்கொள்ளும். ஈரச் சாக்கிலிருந்தும் காற்றிலிருந்தும் அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு அளவுக்கு மேல் போனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரையும் கூட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடுகிறது. டேங்கின் ஓட்டையும் அடியில்தான் இருக்கிறது. இஞ்சினுக்கு முதலில் போவது அந்த எரியாத கழிவு. அதில் ஆயிலும் இருக்காது. குலுக்கி ஊற்றினால் மொத்தமும் கலந்து போகும். இதையெல்லாம் நான் பிறகுதான் சேர்த்து யோசித்தேன். அப்போது யோசிக்க நேரம் இல்லை.

டேங்கைக் கவிழ்த்தேன். கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்து வேட்டி நுனியால் துடைத்தேன். கேனை இந்தத் தடவை குலுக்காமல், அலுங்காமல் சாய்த்து மேலே இருந்ததை மட்டும் ஊற்றினேன். ஐந்தாவது இழுப்பில் இஞ்சின் பிடித்தது. வழக்கத்தைவிடச் சத்தம் கரகரத்தது, ஆனாலும் நிற்கவில்லை. ஏழாவது வரிசையை மதினி முடிக்க, நான் எட்டிலிருந்து ஓட்டமாக அடித்தேன். பதினாலாவது முடிந்தபோது இலைமேல் தடதடவென்று விழுந்தது. மழை. அண்ணன் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். மழையில் அடித்தால் மருந்து வாய்க்காலுக்குத்தான் போகும். மேற்கே ஆறு வரிசை மிச்சம். டிரம்மில் கால்வாசி மருந்து மிச்சம்.

அந்த மழை இரண்டு நாள் விடவில்லை. ஒரு வாரத்தில் மேற்கு வரிசைகளில் இலையில் எண்ணெய் தொட்டு வைத்த மாதிரி மஞ்சள் பொட்டுகள் வந்தன. இலையைத் திருப்பினால் வெள்ளைப் பூஞ்சை. கொத்து பழுப்பாகிச் சுருண்டது. நான் கடைசியாக அடித்த இரண்டு வரிசையிலும் மருந்து காய்வதற்குள் நனைந்துவிட்டதால் பாதிதான் தப்பியது. மதினி கையால் அடித்த ஏழு வரிசையில் ஒரு கொத்துகூடப் போகவில்லை.

பாயிடம் போய் பாட்டில் கதையைச் சொன்னேன். அவருடைய பெட்ரோல், குமுளியிலிருந்து இறங்கும் லாரிக்காரர் ஒருவர் கொண்டு வந்து கொடுத்ததாம். கேரளப் பக்கம் இன்னும் கலக்கவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள் என்றார். உண்மையா என்று அவருக்கும் தெரியாது. பாட்டிலில் கோடு போட்டு அதுவரை தண்ணீர், மேலே உள்ளூர்ப் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வைத்துப் பார்த்தோம். ஸ்பிரிட் தண்ணீரோடு சேர்ந்து, தண்ணீர் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. லாரிக்காரர் பெட்ரோலில் ஏறவில்லை. அதற்குப் பிறகு நான் இரண்டு வழி வைத்துக்கொண்டேன். லாரிக்காரர் கொண்டு வரும் மலைப் பெட்ரோல் கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் அன்றே வாங்குவது, மூடி இறுகப் பூட்டிய தகரக் கேனில், காய்ந்த இடத்தில். வேலை முடிந்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை இஞ்சினை ஓடவிடுவேன். தண்ணீர் விட்டுக் கழுவி ஸ்பிரிட்டைப் பிரித்த பெட்ரோலையும் கொஞ்ச நாள் ஊற்றிப் பார்த்தேன். ஓடியது, ஆனால் இஞ்சின் சூடேறி இடித்தது. விட்டுவிட்டேன்.

அறுவடைக்குத் தோட்டத்துக்காரர் வந்தார். கிழக்கிலிருந்து மேற்காகப் பந்தலுக்குள் ஒரு தடவை நடந்தார். மேற்கு வரிசைகளில் நின்று மேலே பார்த்தார். அண்ணன் என் பெயரைச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன், பெட்ரோல் என்னுடையது என்று. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மதினிதான் பேசியது.

"கெழக்க நிக்கிறத பாத்தீகல்ல? அது எங்க கையில அடிச்சது. மேக்க போனதுக்கு நாங்க பொறுப்பில்லன்னு சொல்லல. நிக்கிறதையும் சேத்துப் பாருங்கன்னுதான் சொல்றேன்."

அவர் இரண்டையும் பார்த்தார். கிழக்குப் பதினாலு வரிசையை அவர்களிடமே விட்டார். மேற்கு ஆறை எடுத்துத் தன் மருமகனிடம் கொடுத்தார். தூணோடு தூணாக ஒரு கம்பி இழுத்துப் பிரித்தார்கள். பதினாலு வரிசையில் பிழைப்பு நடக்கும், தாராளமாக நடக்காது. அண்ணன் மீதி நாளில் கூலிக்குப் போக ஆரம்பித்தார்.

நான் அந்தத் தையில் மறுபடி மலைக்குப் போவதாக இருந்தேன். போகவில்லை. அடுத்த கவாத்து முடிந்து தளிர் வந்ததும் ஒரு மழை பெய்தது. காலையில் மருமகன் வீட்டு ஆள் வந்து இன்றைக்கே மருந்தடிக்க வேண்டும் என்றான். இன்னொரு தோட்டம் முடித்துவிட்டுத்தான் வர முடியும் என்றேன். முன்பணம் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். மதினி கூப்பிட்டு ஆள் அனுப்பியிருக்கவில்லை. நானே போனேன். கம்பிக்குக் கிழக்கே நின்று கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. மதினி கைத்தெளிப்பானை முதுகிலிருந்து இறக்கவில்லை. "நீங்க அந்தக் கடைசியில இருந்து வாங்க," என்றுவிட்டு முதல் வரிசையில் பம்ப் அடிக்க ஆரம்பித்தது.